பத்தாவது ஆள்

ஜூன் 23, வெள்ளி

இந்த நோட்டுக்குப் பூட்டு கிடையாது. தேவையும் இல்லை. அப்பாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்குப் படிக்க வரும், நேரம் வராது. ஆகவே மும்பை முலுண்டில் நாலாவது மாடியில், சாப்பாட்டு மேசை மேலேயே, உலகத்தின் மிகப் பாதுகாப்பான நாட்குறிப்பு கிடக்கிறது.

என் பெயர் தமர். வயது பதின்மூன்று. எபிரேயத்தில் பேரீச்சை மரம், பழந்தமிழில் நம்மவர். அப்பாவும் அம்மாவும் சண்டை போடாமல் எடுத்த ஒரே முடிவு இந்தப் பெயர்தான்.

அப்பா ரூபன் தல்கர், கொங்கணக் கரையிலிருந்து வந்த மராத்தி யூதர். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். அம்மா தூத்துக்குடி. தாலி, ஐயர், முகூர்த்தம் எதுவும் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ளும் குடும்பம். கடவுள் இல்லாத யூதரும் கடவுள் இல்லாத தமிழச்சியும் கட்டிக்கொண்டதில் கடவுளுக்குத்தான் இரட்டை நஷ்டம்.

இன்று வெள்ளிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் தொடங்கும் மாலை என்பதால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். மற்ற யூத வீடுகளில் ரொட்டிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள். எங்கள் வீட்டில் கோதுமை விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், லாரி ஓட்டியவர், பேக்கரிக்காரர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நன்றி முடிவதற்குள் ரொட்டி ஆறிவிடும். பேக்கரி மூடியிருந்தால் சப்பாத்துக்குச் சப்பாத்தி.

இதெல்லாம் அப்பா உண்டாக்கியது. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்ற பழைய வழக்கத்தையும் ஒதுக்கிவிட்டவர். "இந்தக் கதை, இந்தப் பாட்டு, இந்தச் சாப்பாடு எல்லாம் என்னோடதுன்னு எவன் சொல்லுதானோ அவன் யூதன். அம்மா யாரு, ஆத்தா யாருன்னு கேக்க எவனுக்கும் உரிமை கிடையாது" என்பார். அம்மாவிடம் தமிழ் கற்றதால் அவருக்கு வருவது தூத்துக்குடித் தமிழ். மராத்தி வாயில் அது படும் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம்: நம்பாததைச் சொல்லக் கூடாது. மூன்றாம் வகுப்பில் அப்பா என் பள்ளிக்குக் கடிதமே எழுதினார். காலைப் பிரார்த்தனையில் என் மகள் மரியாதையாக எழுந்து நிற்பாள், உதட்டை அசைக்க மாட்டாள் என்று. வருடம் முழுக்க ஊமைக் குயிலாக நின்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வயதில் யூதப் பிள்ளைகள் ஜெபாலயத்தில் மறைநூல் வாசிப்பார்கள். தூத்துக்குடிப் பெரியம்மா போன் போட்டு "சடங்கு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு இரண்டும் கிடையாது. கூடத்தில் நாற்பது பேர் முன்னால் நின்று, நான் எதை நம்புகிறேன் என்று பேச வேண்டும். பூப்பு நீராட்டுக்குப் பதிலாகச் சொற்பொழிவு நீராட்டு. ஆகஸ்ட் 5, சனிக்கிழமை என்று மூன்று மாதத்துக்கு முன்பே முடிவான நாள்.

இன்று ரொட்டியைப் பிய்த்தபடி அப்பா, "ஞாயித்துக்கிழமை வச்சுக்கிடலாமே" என்றார்.

"ஏன்?"

"சனிக்கிழமை காலையில பேட்மின்டன் இருக்குல்லா."

மகளின் பெருநாளா, இறகுப் பந்தா. பந்து ஜெயித்தது. ஆகஸ்ட் 6.

ஜூன் 24, சனி

பழிக்குப் பழி. அப்பாவின் ராக்கெட் உறைக்குள் ஒரு ரப்பர் பல்லியை விட்டேன். அசல் போலவே இருக்கும், தொட்டால் நெளியும்.

பகல் ஒரு மணிக்குத் திரும்பினார். கத்தியதற்கான அறிகுறி எதுவும் முகத்தில் இல்லை. கையில் வழக்கம்போல் டப்பா. கூட விளையாடும் நண்பர் வீட்டில் செய்த தேங்காய்ப்பால் ஹல்வா. பாதியை நான் தின்றேன், மீதியை அம்மாவும் அப்பாவும். அந்த நண்பர் யாரோ, அவர் வீட்டில் தத்துப் போகத் தயார்.

ஜூலை 1, சனி

பல்லி இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறது. அப்பாவுக்கு ராக்கெட்டை எடுக்காமல் ஆடும் வித்தை தெரியும் போலிருக்கிறது.

ஜூலை 2, ஞாயிறு

அப்பாவும் படிக்கட்டும் என்று உரையை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன். நாலு பக்கம். அப்பா கல்லூரியில் அச்சடித்துக்கொண்டு வருவார்.

ஜூலை 8, சனி

இன்று உறையின் ஜிப்பில் ஒரு தலைமுடியை ஒட்டி அனுப்பினேன். முடி அறுபடாமல் திரும்பி வந்தது. பல்லி சொல்லுக்குப் பலன் உண்டு என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டோம். ஆனால் இந்தப் பல்லி தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா பேட்மின்டன் ஆடப் போவதில்லை.

ஏதோ ரகசியம். என் விழாவுக்குப் பரிசாக இருக்கலாம். சைக்கிள் என்றால் நீலம் நல்லது.

ஜூலை 15, சனி

தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவின் பின்னாலேயே போனேன். அவர் பொதுப் பெட்டியில் ஏறினார், நான் பக்கத்துப் பெண்கள் பெட்டியில். பைகுல்லாவில் இறங்கினார். நல்ல மழை, குடை இருந்தும் நனைந்தேன். அவர் குடைக்கும் என் குடைக்கும் நடுவில் இருபது குடை இருந்தன.

ஒரு சந்துக்குள் திரும்பினார். பழைய நீலக் கட்டடம், வாசலில் மணல் மூட்டை, காவலர், பதிவேடு. வாசல் மேல் எபிரேய எழுத்து. அப்பா பையிலிருந்து ஒரு குல்லாவை எடுத்துத் தலையில் வைத்தார். நெற்றி வேர்த்தால் துடைத்துக்கொள்வது போல அவ்வளவு பழக்கமாக வைத்தார். உள்ளே போனார்.

ஜெபாலயம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாற்பது பேர் முன்னால் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போய் அவர் முதுகில் தட்டி "ஷாட் நல்லா இருந்துச்சு" என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காவலர் விடவில்லை. அடையாள அட்டை இல்லாமல் யாரும் போகக் கூடாதாம். "அப்பா உள்ளே இருக்கார்" என்று மராத்தியில் சொன்னேன். அவர் உள்ளே குரல் கொடுத்தார். எண்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையில் ஒருவர் மெதுவாக வந்தார். எல்லோரும் ஹனோக் காகா என்றார்கள். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. தமிழில் பறந்துவிடும்.

அவருக்குப் பின்னால் அப்பா.

பேசியது மராத்தியில். ஒன்றுவிடாமல் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தப் பொண்ணு அப்பா உள்ள இருக்கார்னு சொல்லுது" என்றார் காவலர்.

"யாரோட பொண்ணு?" என்றார் காகா. என்னைப் பார்த்தார், திரும்பி அப்பாவைப் பார்த்தார். "ரூபன், உனக்குத் தெரிஞ்சவளா?"

அப்பா என்னைப் பார்த்தார். மழைத்தண்ணீர் என் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க பில்டிங்ல இருக்கிற பொண்ணு" என்றார்.

நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரி விளையாடுவோம். அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"ஏதோ தப்பா சொல்லிட்டா. சாவி கேட்டு வந்திருப்பா" என்றார் அப்பா.

காகா சிரித்தார். "நல்லவேளை, பில்டிங்ல பிள்ளைகளாவது இருக்கீங்க. பாவம், ஒண்டி ஆள். வீட்டுல சமைச்சுப் போட ஒருத்தர் இல்ல. சரியாச் சாப்பிடறானாம்மா இவன்? வாரா வாரம் என் மருமகள் ஏதாவது கட்டிக் குடுக்கறா. சாப்பிடறானா, தூக்கிப் போடறானா?"

"தூக்கிப் போடறதில்ல காகா" என்றேன். "ஹல்வான்னா ஒரே ஆளா மூணு ஆள் சாப்பாடு சாப்பிடுவார்."

காகாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"சாவி தேவைப்படாது அங்கிள். நான் போறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூலை 16, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டினோம். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 18, செவ்வாய்

மூன்று நாளாக அப்பாவை அங்கிள் என்று கூப்பிடுகிறேன். "அங்கிள், உப்பைத் தள்ளுங்க." "அங்கிள், இன்னிக்கு காலேஜ் இல்லையா?" அப்பா உப்பைத் தள்ளுகிறார். பதில் சொல்கிறார். கண்ணை மட்டும் தூக்குவதில்லை.

அம்மாவுக்கு முதல் நாள் சிரிப்பு. இன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏட்டி, என்ன இது புதுப் பழக்கம்?"

"அப்பா சனிக்கிழமை எங்க போறார்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா கீரைக் கட்டைப் பார்த்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"தெரியும்" என்றாள்.

இஸ்ரேலில் இருந்த தாத்தா போன செப்டம்பரில் இறந்துபோனார். அம்மாவைக் கட்டியதிலிருந்து பதினைந்து வருடம் அப்பாவோடு பேசாதவர். என்னைப் பார்க்காதவர். அப்பன் இறந்தால் பிள்ளை பதினோரு மாதம் காதிஷ் என்றொரு பிரார்த்தனை சொல்ல வேண்டுமாம். தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூத ஆண்கள் சேர்ந்தால்தான் உண்டு. அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். யானும் இல்லை, மின்னலும் இல்லை, வெறும் தலைக்கணக்கு. அந்தச் சந்து ஜெபாலயத்தில் ஒன்பது கிழவர்கள்தான் மீதி. அப்பா பத்தாவது.

"கடவுள்கிட்ட சொல்லப் போகல ட்டி. அவுக அப்பாட்ட பதினஞ்சு வருசமாச் சொல்லாம வச்சிருந்ததைச் சொல்லப் போறாரு."

"அதை என்கிட்ட சொன்னா என்ன?"

"ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட மனுசன். நீ கேலி பண்ணுவேன்னு வெக்கப்பட்டாரு. ஆகஸ்ட் அஞ்சோட முடியுது, பொறவு சொல்லுவோம்னு இருந்தோம்."

இருந்தோம். பன்மை.

அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. அந்தச் சந்துக்காரர்களைப் பொறுத்தவரை அவள் இல்லவே இல்லை. அவள் சாப்பிட்ட ஹல்வா, அவள் இல்லாததற்காக வந்த ஹல்வா. அதைச் சொல்லவில்லை. காரணம் ஒன்றுமில்லை, சோம்பல்.

"போட்டும், அங்கிள்னு கூப்பிடாத" என்றாள் அம்மா. "கேக்க நல்லால்ல."

ஜூலை 22, சனி

அங்கிள் வெறும் கையோடு வந்தார். ஹல்வா இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஜூலை 23, ஞாயிறு

கூடத்து மின்விசிறியைத் துடைக்க வேண்டும் என்றாள் அம்மா. அப்பா ஸ்டூல் மேல். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருப்பது நான். அவரால் எங்கேயும் போக முடியாது. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"கோவமா?" என்றார் மேலேயிருந்து.

"பக்கத்து வீட்டுக்காரங்க மேல எனக்கென்ன கோபம்?"

ஒரு இறக்கையைத் துடைத்து முடித்தார்.

"மொத நாள் போனப்ப வீட்டுல யாரு இருக்காகன்னு காகா கேட்டாரு. பொண்டாட்டி இருக்கான்னு சொன்னா எந்தக் குடும்பம்னு கேப்பாக. நம்மாளு இல்லன்னா அந்தப் பேச்சு அதோட நிக்காது. அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லுத தெம்பு இல்ல தமர். எங்க அப்பா செத்து மூணு நாளு. யாருமில்லன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு நாளுதானே போறோம்னு நெனச்சேன்."

"சரி. மூணு நாள். அன்னிக்கு விட்டுடறேன். போன வாரம்?"

துணியைத் திருப்பி மடித்தார்.

"நீங்க நம்பாத பிரார்த்தனையைச் சொன்னீங்க. எனக்கு அது பிரச்சினையே இல்ல. அந்தத் தாத்தாங்களுக்கு ஒரு ஆள் குறையுதுன்னு போனீங்க. நல்ல காரியம்னுகூட சொல்லுவேன். ஆனா என்னை யூதப் பெண்ணுன்னு சொல்லி வளர்த்தது நீங்க. யாரும் உன்னைக் கேட்க முடியாதுன்னு சொன்னது நீங்க. ஒருத்தர் கேட்டார். நான் அங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன்."

இன்னொரு இறக்கை. தூசி என் தலைமேல் விழுந்தது. நான் நகரவில்லை.

"அப்ப எனக்கு வேற வார்த்தை வரல" என்றார்.

"ஆறாந்தேதி நான் பேசணும்னா அஞ்சாந்தேதி நீங்க பேசணும். அங்க. காகாகிட்ட. என்னை நிறுத்தி வச்சு."

கடைசி இறக்கையை இரண்டு தடவை துடைத்தார். "சரி" என்றார்.

ஜூலை 30, ஞாயிறு

முறுக்கு ஐம்பது, சமோசா ஐம்பது, நாற்காலி வாடகைக்கு இருபது. அப்பா அச்சடித்த உரை வந்துவிட்டது. இரண்டு பிரதி, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. அங்கிள் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று முன்பணமாக.

ஆகஸ்ட் 5, சனி

ஒரே பெட்டியில் போனோம். ஆளுக்கொரு ஜன்னல். அப்பா வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். பிரார்த்தனையா, என்னைப் பற்றிச் சொல்லப்போகும் வாக்கியமா, தெரியவில்லை. வாக்கியம்தான் என்று வைத்துக்கொண்டேன். நானும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். மூன்றே சொல்தான் வேண்டும்.

வாசலில் அதே காவலர். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னிக்கும் சாவியா?" என்றார்.

அப்பா என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்தார்.

"நீ இங்கயே நில்லு. பத்து நிமிசம். இன்னைக்கு எனக்குக் கடைசி நாளு. என்னையும் சேத்தா சரியா பத்துப் பேருதான் இருக்காக. இப்பச் சொல்லி ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, நடுவுல ஒருத்தர் கோவிச்சு எந்திரிச்சுப் போயிட்டா, சொல்ல முடியாமப் போயிரும். மொதல்ல அது முடியட்டும். முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"முடிஞ்சதும்."

"சத்தியமா."

எங்கள் வீட்டில் யாரும் சத்தியம் செய்வதில்லை.

காவலர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு சொல். காகா விரலை நீட்டாமல், தலையை மட்டும் அசைத்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிச் சொல் அப்பா மேல் விழுந்தது. காகாவின் முகம் மலர்ந்தது. கூடிவிட்டது.

அப்பா எழுந்து நின்று சொன்னார். நன்றாகச் சொன்னார். திக்கவில்லை. எனக்குப் புரியாத மொழி. நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. தும்மல் வந்திருக்கும்.

பத்து நிமிடம் இல்லை, ஐம்பது. பிறகு அப்பா வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். கிழவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என் தோளில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

"காகா. இது பில்டிங் பொண்ணு இல்ல. என் பொண்ணு. இவ அம்மா இருக்கா. தமிழ். நம்மாளு இல்ல. பதினஞ்சு வருஷமா என்கூட இருக்கா. நான் ஒண்டி இல்ல."

யாரும் கத்தவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டேயிருந்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது, அவ்வளவுதான். இதற்காகவா ஐம்பது நிமிடம் என்று நினைத்தேன்.

காகா மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதினோரு மாசம்" என்றார். "என் மருமகளுக்கு முட்டி வலி. உன்னை நெனச்சு நெனச்சு நின்னுக்கிட்டே கிண்டுவா."

அப்பா தலைகுனிந்தார்.

காகா என் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்னம்மா?"

"தமர்."

"தமர்." இரண்டாவது தடவையும் சொல்லிப் பார்த்தார். "என் அக்கா பேரு. இவன் என் பக்கத்துலதான் உட்காருவான். இந்தப் பேரை ஒருதரம்கூடச் சொல்லல."

எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சாப்பிட முடியவில்லை.

திரும்பும்போது அப்பா, "சொல்லிட்டேன்லா" என்றார்.

ஆமாம். தேவையானது கிடைத்த பிறகு சொன்னார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நாற்பது பேர் என்று நினைத்தோம், நாற்பத்தேழு பேர் வந்தார்கள். தூத்துக்குடிப் பெரியம்மா வெள்ளித் தட்டோடு வந்து, தண்ணீர் ஊற்ற இடம் தேடினார். அம்மா மல்லிகைப்பூவை மட்டும் அனுமதித்தாள்.

அப்பா எழுந்து, "இது என் மகள் தமர்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தக் கூடத்தில் அதைச் சொல்வதற்கு ஒன்றும் செலவில்லை.

நான் பேசினேன். ரொட்டி செய்தவர்களுக்கு நன்றி சொல்வதை நம்புகிறேன் என்றேன். யார் ஒரு கதையைத் தன்னுடையது என்கிறாரோ அது அவருடையது என்பதை நம்புகிறேன் என்றேன். அப்பாவழி முன்னோர் கப்பல் உடைந்து கொங்கணத்தில் கரையேறியதாகச் சொல்லும் பழங்கதையில் அலையைப் பிளந்தது யாரும் இல்லை, நீச்சல்தான் என்றேன். சிரித்தார்கள். இரண்டாம் பக்கம் திருப்பினேன்.

மூன்றாவது பத்தி இப்படித் தொடங்கும்: பயமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல முடியும் என்பதை நான் என் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஜூலை முதல் வாரத்தில் எழுதியது. பதினோரு வரி. எழுதியபோது ஒரு வார்த்தையைக்கூட அடித்துத் திருத்தவில்லை, தானாக வந்தது.

பார்த்தேன். வாயைத் திறந்தேன். வரவில்லை.

நான்காவது பத்திக்குப் போய்விட்டேன். யாருக்கும் தெரியாது. இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக விரலால் தொடர்ந்துகொண்டிருந்த ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் விரல் மூன்றாவது பத்தியிலேயே நின்றுவிட்டது. முடிக்கும்வரை நகரவில்லை.

பெரியம்மா என் கன்னத்தை வழித்து, "யாரு பெத்த பிள்ளை" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை, அது கேள்வியும் இல்லை.

சமையலறையில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார்.

"ஒரு பத்தி விட்டுப்போச்சு" என்றார்.

"விட்டுப்போகல."

தலையை ஆட்டினார். நான் ஊற்றி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

"திருப்பி எப்பச் சேர்ப்ப?"

"தெரியல. சேர்த்துடுவேன்னு இப்பச் சொன்னா அது பொய்."

"ம்."

"இதை எடுத்துட்டுப் போங்க. வெளியில காத்துக்கிட்டிருக்காங்க."

தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். பன்னிரண்டு கண்ணாடித் தம்ளர்கள். கூடம்வரை அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே போயின. நான் பின்னால் போய்ப் பிடிக்கவில்லை.